வாளேந்தா மரபு

ஒல்லாந்து தேசத்திலே அஸ்பெரென் என்பது ஒரு சிற்றூர். 1569ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் அவ்வூரில் டிர்க் வில்லெம்ஸ் என்னும் ஒருவர் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் களவு செய்தவரல்லர், கொலை செய்தவருமல்லர். வயது வந்த பின்னர் தாமே விரும்பி இரண்டாம் முறை ஞானஸ்நானம் பெற்றதும், பிறர் அவ்வாறு பெறுவதற்குத் தம் வீட்டில் இடங்கொடுத்ததுமே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம்.

அவர் சிறையிலிருந்து தப்பி ஓடிய வரலாறு ஒன்றுண்டு. குளிர்காலம் அது. நீர்நிலை பனிக்கட்டியாய் உறைந்து கிடந்தது. சிறையுணவால் உடல் மெலிந்திருந்தமையால் டிர்க் அதன்மேல் ஓடிக் கரை சேர்ந்தார். அவரைத் துரத்தி வந்த காவலனோ பனி பிளந்து நீருள் வீழ்ந்தான். ஓடியவர் திரும்பிப் பார்த்தார். பின்பு திரும்பியும் வந்தார். உடைந்துகொண்டிருந்த பனியின்மேல் நின்று கைகொடுத்து அவனைக் கரையேற்றினார். உயிர் பெற்ற காவலன் அவரை விட்டுவிடவே விரும்பினான். ஆனால் எதிர்க்கரையில் நின்ற நகரத் தலைவன், நீ எடுத்த சத்தியப் பிரமாணத்தை மறவாதே என்று உரக்கக் கூவினான். காவலன் கடமை செய்தான். டிர்க் மீண்டும் சிறைப்பட்டார். அவரை எரித்த நாளிற் கீழைக்காற்று வலிதாய் வீசி, நெருப்பை மேலுடம்பிற் பற்றவிடாது விலக்கியதென்றும், அதனால் அவர் நெடுநேரம் துன்புற்றே இறந்தாரென்றும் அக்காலத்தார் எழுதி வைத்தனர்.

இன்னா செய்தவர்க்கும் நன்மை செய்தல் என்னும் ஒழுக்கம் தமிழருக்குப் புதிதன்று. திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. பாடசாலைப் பிள்ளைகள் அதனை மனனஞ் செய்து பரிசும் பெறுகின்றனர். ஆயின் பரீட்சை மண்டபத்தில் எழுதுவது ஒன்று, உடையும் பனியின்மேல் நின்று செய்வது வேறொன்று. 1685ஆம் ஆண்டில் யான் லெய்க்கென் என்னும் ஒல்லாந்துச் சித்திரக்காரர் அந்தக் கணத்தைச் செப்புத் தகட்டிற் செதுக்கினார். இரு கைகளையும் நீட்டிக் குனிந்து நிற்கும் அவ்வுருவம் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் எத்தனையோ இல்லங்களின் சுவரில் தொங்குகின்றது. டிர்க் எங்கள் முன்னோர் என்று அவ்வில்லத்தார் பெருமை கொள்வர். அப்பெருமையினுள்ளே ஒரு சிக்கல் மறைந்து கிடக்கின்றது. பிறப்பினால் எவரும் விசுவாசி ஆவதில்லை, ஒவ்வொருவரும் தாமே தெரிந்து கொள்ளல் வேண்டும் என்று சொல்லியதற்காகவே டிர்க் எரியுண்டார். அத்தகையவரை முன்னோர் எனப் பிறப்புரிமை பாராட்டுதல் எங்ஙனம் பொருந்தும்? அனபாப்திஸ்தர் எனப்படும் அம்மக்களின் ஐந்நூறாண்டு வரலாறு முழுவதும் இவ்வினாவைச் சுற்றியே ஓடியிருக்கின்றது எனலாம்.

அனபாப்திஸ்தர் என்பதற்கு மறுமுறை ஞானஸ்நானம் பெறுவோர் என்பது பொருள். பகைவர் இட்ட பெயர் அது. குழந்தைப் பருவத்திற் பெற்றது ஞானஸ்நானமே அன்று என்பது அவர்கள் கொள்கையாதலின், மறுமுறை என்ற சொல்லையே அவர்கள் ஏற்றிலர். குழந்தையின் தலையில் நீர் தெளிப்பதா இல்லையா என்பதற்காக மனிதரைக் கொல்லுவார்களா என்று இக்காலத்தார் வியக்கலாம். இலங்கையில் ஒல்லாந்தர் ஆண்ட காலத்தை நினைத்தால் வியப்பு நீங்கும். அக்காலத்துப் பள்ளிக்கூடத் தோம்புகளிலே ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. அப்பதிவு இல்லாதவர்க்கு அரச உத்தியோகம் கிடைத்தல் அரிது. விவாகத்தைச் சட்டப்படி நிலைநாட்டுதலும் அரிது. பதவிக்காக முழுக்குப் பெற்று, வீட்டின் உள்ளறையிலே சிவபூசை செய்தோரைப் பற்றி யாழ்ப்பாணத்தார் கேட்டறியாதவரல்லர். ஐரோப்பாவிலும் நிலை அதுவே. ஞானஸ்நானம் பெற்ற குழந்தை திருச்சபையின் பிள்ளை மாத்திரமன்று, அரசின் குடியுமாகும். அதனை மறுத்தவன் ஒரு சடங்கை மறுத்தவனாகக் கருதப்படவில்லை. நாட்டின் அத்திவாரத்தையே பெயர்த்தவனாகக் கருதப்பட்டான்.

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் சமயச் சீர்திருத்தத்தை நடத்தியவர் உல்ரிச் சுவிங்கிலி. அவருடைய மாணாக்கருள்ளே சிலர், ஆசிரியர் தொடங்கிய வழியில் ஆசிரியரினும் விரைந்து நடந்தனர். 1525ஆம் ஆண்டு சனவரி மாதம் 21ஆம் நாள் மாலை அவர்கள் பீலிக்ஸ் மான்ஸ் என்பவர் வீட்டிற் கூடினர் என்பர். அங்கே கொன்ராட் கிரேபெல் என்பவர் ஜோர்ஜ் பிளவுறொக் என்னும் முன்னாட் குருவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பிளவுறொக் ஏனையோருக்குக் கொடுத்தார். அரசனின் ஆணையில்லை, நகர சபையின் அனுமதியில்லை. இரண்டாண்டு செல்லுமுன், 1527ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள், அதே நகர சபையின் கட்டளைப்படி மான்ஸ் கைகள் கட்டுண்டு லிம்மாற் ஆற்றில் அமிழ்த்தப்பட்டார். நீரினாற் பிழை செய்தவனுக்கு நீரே தண்டனை என்பது ஆள்வோர் கண்ட நியாயம் போலும். கரையில் நின்ற அவருடைய தாயார் அழுது மன்றாடவில்லை. உறுதி தளராதே என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டு நின்றார் என்பது வரலாறு. சீர்திருத்தத் திருச்சபையினரால் உயிரிழந்த முதல் அனபாப்திஸ்தர் மான்ஸே. உரோமைத் திருச்சபையினரும் சீர்திருத்தத்தாரும் எத்தனையோ விடயங்களில் முரண்பட்டு நின்ற காலத்தில், இம்மக்களைக் கொல்லுதல் ஒன்றிலேதான் ஒத்துப்போயினர். அந்த நூற்றாண்டில் இவ்வாறு மாண்டோர் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவர் என்று ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர்.

மான்ஸ் இறந்த அடுத்த மாதமே, 1527 பெப்ரவரி 24ஆம் நாள், ஷ்லைற்ஹைம் என்னும் ஊரில் இவர்களுட் பலர் இரகசியமாய்க் கூடி ஏழு தீர்மானங்களை வகுத்தனர். வாள் ஏந்துதல் கிறிஸ்துவின் வழிக்குப் புறம்பானது என்பதும், சத்தியப் பிரமாணம் செய்தலாகாது என்பதும் அவற்றுள் அடங்கும். அஸ்பெரெனிலே கரையில் நின்ற நகரத் தலைவன் எந்தப் பிரமாணத்தை நினைவூட்டினானோ, அது போன்ற பிரமாணத்தைத்தான் இவர்கள் நாற்பதாண்டுக்கு முன்னரே மறுத்தார்கள். இக்கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் மைக்கேல் சற்லர். முன்னர் ஒரு மடத்துத் துறவியாய் இருந்தவர். துருக்கர் ஐரோப்பாவின் வாயிலில் நின்ற காலம் அது. துருக்கர் படையெடுத்து வந்தாலும் வாளால் எதிர்க்கலாகாது என்று அவர் சொன்னதும் அவர்மீது சாட்டிய குற்றங்களுள் ஒன்று. நீதிமன்றில் அவர் அதனை மறைக்கவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் நாவறுத்து, உடலைக் குறட்டாற் கிழித்து, அவரை எரித்தனர். சில நாட்களின் பின் அவர் மனைவி மார்கரேத்தாவை ஆற்றில் அமிழ்த்தினர்.

இவ்வியக்கத்தார் அனைவரும் சாந்தரே என்று கூறின் அது பொய்யுரையாகும். 1534இலும் 1535இலும் ஜேர்மனியின் மூன்ஸ்டர் நகரைக் கைப்பற்றிய அனபாப்திஸ்தர் வாளாலே தெய்வ ராச்சியத்தை நிறுவ முயன்றனர், மறுத்தவரைத் துரத்தினர், பலரைக் கொன்றனர். ஈற்றில் முற்றுகையில் நகரம் வீழ்ந்தது. தலைவர்களின் சடலங்களை இட்டுத் தொங்கவிட்ட மூன்று இரும்புக் கூண்டுகளை இன்றும் அந்நகரத்துக் கோயிற் கோபுரத்திற் காணலாம். ஒல்லாந்துக் குருவாய் இருந்த மென்னோ சைமன்ஸ் என்பவர் இந்த அழிவைக் கண்டு மனம் நொந்து, 1536இல் தம் பதவியைத் துறந்து, சிதறிக் கிடந்த மக்களைச் சாந்த வழியில் ஒன்று சேர்க்கலானார். 1561இல் இறக்கும்வரை அவர் ஊர் ஊராய் மறைந்து திரிந்தவர். அவர் பெயராலேயே மென்னோனியர் என்ற வழக்கு வந்தது.

ஒரு நாடு இல்லை. ஒரு பேராயர் இல்லை. வெளிப்படையாய்க் கூடுதற்கு ஒரு மண்டபமும் இல்லை. இப்படிப்பட்ட மக்கள் தம்மை ஒரே கூட்டம் என்று எவ்வாறு உணர்ந்தனர்? கடிதமே அவர்களுடைய கோயிலாயிற்று. சற்லர் சிறையிலிருந்து தம் சபையாருக்கு எழுதிய கடிதம் கையாற் படியெடுக்கப்பட்டு ஊர்விட்டு ஊர் சென்றது. அன்வேர்ப்பன் நகரிலே ஒரு கொத்தரின் மனைவியாகிய மாய்க்கென் வென்ஸ் 1573இற் சிறையிலிருந்து தம் பிள்ளைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். எரியூட்டுமிடத்திலே அவர் பேசிவிடாதபடி அவர் நாவை ஓர் இரும்புத் திருகினால் இறுக்கியிருந்தனர். பதினைந்து வயது மூத்த மகன் தன் தம்பியாகிய மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தாயின் முடிவைக் காண வந்து நின்றான். தாயைக் கொண்டுவந்தபோதே மயங்கி வீழ்ந்தான். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பின் எழுந்து சென்று சாம்பலைக் கிளறினான். அந்த இரும்புத் திருகு அகப்பட்டது. அதனைத் தாயின் நினைவாக எடுத்து வைத்துக்கொண்டான். பேசவிடாது தடுத்த கருவியே பேசும் பொருளாயிற்று.

இத்தகைய கடிதங்களையும் வாக்குமூலங்களையும் திரட்டி 1660இல் தீலெமன் வான் பிராக்ட் என்பவர் இரத்தசாட்சிகளைப் பற்றிய ஒரு பெருநூலை வெளியிட்டார். அவர் எழுதிய காலத்தில் ஒல்லாந்தில் கொடுமை நின்றுவிட்டது. மென்னோனியர் வணிகராயும் செல்வராயும் மாளிகைகளில் வாழ்ந்தனர். பிள்ளைகள் சொத்தை மாத்திரம் சுதந்தரித்து நம்பிக்கையை மறந்துவிடுவார்களோ என்ற அச்சமே அவரை எழுதத் தூண்டியது. துன்பத்திற்கன்று, சுகத்திற்கு அஞ்சி எழுந்த நூல் அது.

அந்நூலுக்குப் பின்னாளில் நேர்ந்த கதி கேட்கத்தக்கது. பென்சில்வேனியாவிற் குடியேறிய மென்னோனியர், அங்கும் போர் வரக்கூடும், இளைஞர் தளரக்கூடும் என்று அஞ்சி அதனை ஜேர்மன் மொழியில் வேண்டினர். எப்ராற்றா என்னுமிடத்துச் சமயத் துறவியர் பதினைவர் மூன்றாண்டு உழைத்து, 1748இலும் 1749இலும் அதனை மொழிபெயர்த்து அச்சிட்டனர். ஏறக்குறைய 1,500 பக்கங்கள், 1,300 பிரதிகள். அக்காலத்து அமெரிக்கக் குடியேற்றங்களில் அச்சான நூல்களுள் அதனிற் பெரியது வேறில்லை. பின்னர் அமெரிக்கச் சுதந்திரப் போர் மூண்டபோது, கட்டப்படாமற் கிடந்த பிரதிகளைப் படையினர் கைப்பற்றிச் சென்றனர். துப்பாக்கித் தோட்டாக்களுக்குக் கடதாசி தேவைப்பட்டது. வாளெடுக்க மறுத்து மாண்டோரின் வரலாறு, வெடிமருந்து சுற்றப் பயன்பட்டது.

நூலோடு பாட்டும் கடிதமும் இவர்களைப் பிணைத்தன. 1693இல் யாக்கோப் அம்மன் என்பவரைப் பின்பற்றிப் பிரிந்த ஆமிஷ் மக்கள், பதினாறாம் நூற்றாண்டிலே பசாவ் கோட்டைச் சிறையிற் கிடந்தோர் இயற்றிய பாடல்கள் அடங்கிய தொகுதியையே இன்றும் ஆராதனையிற் பாடுகின்றனர். அத்தொகுதியில் இசைக் குறியீடு கிடையாது. மெட்டு, செவிவழியாய்த் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. கடிதத்தில் அவர்களுக்கு ஓர் அழகிய வழக்கம் உண்டு. சுற்றுமடல் என அதனைச் சொல்லலாம். பத்துப் பன்னிரண்டு பேர் தூர தூர ஊர்களில் இருப்பர். ஒருவரிடம் கடிதக் கட்டு வந்து சேர்ந்ததும், எல்லாக் கடிதங்களையும் படித்து, தாம் முன் வைத்த பழைய கடிதத்தை எடுத்துவிட்டுப் புதியதொன்றை வைத்து அடுத்தவருக்கு அனுப்புவர். கட்டு ஓயாது சுற்றிக்கொண்டேயிருக்கும். ஒகையோவிலே 1890இல் தொடங்கிய ஒரு வாரப் பத்திரிகை, பெரும்பாலும் இத்தகைய ஊர்க்கடிதங்களாலேயே நிரம்புவது. யார் வீட்டிற் பிள்ளை பிறந்தது, யார் களஞ்சியம் எரிந்தது, யாரைக் காண யார் வந்தனர் என்பவையே செய்திகள். புறத்தார்க்கு இவை வெறும் அரட்டை. அவர்களுக்கோ, களஞ்சியம் எரிந்ததென்று அறிந்த மறுகிழமை அதனைக் கட்டிக் கொடுக்க வண்டியேறுவதற்கு வழி. 1880இல் தொடங்கிய மென்னோனிற்றிஷெ றுண்ட்ஷவ் என்னும் பத்திரிகை, இரசியாவில் இருந்தோரையும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்தோரையும் இணைத்தது. 1920களிலும் 1930களிலும் சோவியத் நாட்டிலிருந்து பசியும் நாடுகடத்தலும் பற்றி வந்த கடிதங்களை அது வெளியிட்டது. பிரிந்த உறவினர் உயிரோடிருக்கின்றனரா என்று தேடி அப்பத்திரிகையின் பக்கங்களைப் புரட்டியவர் பலர்.

இரசியாவிற்கு இவர்கள் சென்ற வரலாறுதான் இம்மரபின் மிகக் கடிய பரீட்சை. 1763இல் கத்தரீன் பேரரசி அந்நியரைக் குடியேற அழைத்தார். 1789இல் தொடங்கி மென்னோனியர் இன்றைய உக்ரேனில் ஊர்கள் அமைத்தனர். படைச்சேவையிலிருந்து என்றென்றைக்கும் விலக்கு அளித்து 1800இல் அரச சாசனம் கிடைத்தது. இங்கேதான் கொள்கை மெல்ல மெல்லச் சாதியாய் இறுகியது எனலாம். பெனர், தீசன், வீபே என்ற குடிப்பெயர்களும், தாழ்நிலத்து ஜேர்மன் பேச்சும், தமக்கே உரிய சமையலும் மென்னோனியரின் அடையாளமாயின. ஞானஸ்நானம், இளைஞர் உரிய வயதில் வரிசையாய் நின்று பெறுகின்ற ஒரு படியாயிற்று. திருமணத்திற்கு முன் அதனைப் பெற்றேயாகவேண்டும். தெரிந்துகொள்ளும் உரிமைக்காக முன்னோர் உயிர் கொடுத்தனர். பேரப்பிள்ளைகளுக்கோ தெரிந்துகொள்ள வேறொன்றும் இருக்கவில்லை. செல்வமும் ஒரே நிலையில் நிற்கவில்லை. 1860களில் மொலொச்னா குடியேற்றத்திற் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் நிலமற்றவை. காணியுடைய சகோதரர் காணியற்ற சகோதரருக்குக் கிராம சபையில் வாக்குரிமை கொடுக்கவும் மறுத்தனர்.

1874இல் இரசியா எல்லாருக்கும் படைச்சேவையை விதித்தது. ஏறக்குறைய 18,000 பேர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறினர். எஞ்சியோருக்குப் படைக்குப் பதிலாகக் காட்டு வேலை அளிக்கப்பட்டது. புரட்சியின் பின் உள்நாட்டுப் போர் மூண்டது. கொள்ளைக் கூட்டங்கள் ஊர்களுட் புகுந்தன, ஆடவர் கொல்லப்பட்டனர், பெண்கள் மானபங்கப்பட்டனர். அந்நிலையில் 1918ஆம் ஆண்டுக் கோடையிலே சபைத் தலைவர்கள் லிக்தெனவ் என்னும் ஊரிற் கூடினர். துப்பாக்கி ஏந்தலாமா? நெடுநேரம் விவாதித்தனர். ஏந்தாமையே சபையின் கொள்கை, ஆயினும் அவரவர் மனச்சாட்சியைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று முடித்தனர். ஜேர்மன் படையினர் இளைஞருக்குப் பயிற்சி கொடுத்தனர். தற்காப்புப் படை எழுந்தது. தம் தாயையும் தங்கையையும் காக்க நின்ற இளைஞரைச் சாய்கதிரையில் இருந்துகொண்டு பழித்தல் எளிது, அது தகாது. ஆயினும் நடந்ததைச் சொல்லல் வேண்டும். அப்படை சில நாள் ஊர்களைக் காத்தது. பின்னர் வெள்ளைப் படையோடு சேர்ந்தும் போரிட்டது. 1919இலே மஃனோவின் ஆட்கள் பழிவாங்க வந்தபோது, படையிற் சேர்ந்தோரும் சேராதோரும் ஒருங்கே மாண்டனர்.

போரின் பின் பஞ்சம் வந்தது. 1920 யூலையில் அமெரிக்க மென்னோனியர் பல பிரிவினரும் ஒன்று கூடி மத்திய உதவிச் சபையொன்றை நிறுவினர். 1922இல் அதன் சமையற்கூடங்கள் நாளொன்றுக்கு 25,000 பேர்வரை உணவளித்தன. மென்னோனியரல்லாத அயலாரும் அவருள் அடங்குவர். ஏர் இழுக்கக் குதிரையில்லை என்று அறிந்து ஐம்பது உழவு இயந்திரங்களையும் அனுப்பினர். முதலில் அங்கு சென்ற மூவருள் ஒருவரான கிளேற்றன் கிராற்ஸ் என்னும் இளைஞர் 1920இற் பிடித்துச் செல்லப்பட்டார், பின்னர் திரும்பவேயில்லை.

அமெரிக்காவிலும் சோதனை இல்லாமலில்லை. இம்மரபின் மற்றொரு கிளையினர் ஹற்றரைற்றுகள்; சொத்தனைத்தையும் பொதுவில் வைத்து வாழ்வோர். 1918இல் அவர்களுள் தென் டகோற்றாவைச் சேர்ந்த நால்வர் படைச்சீருடை அணிய மறுத்து அல்கற்றாஸ் சிறையில் வாடினர். ஈரமான நிலவறையில் அவர்களை இட்டு, பக்கத்திற் சீருடையை வைத்தனர். குளிர் தாங்காவிடின் அணிந்துகொள்ளலாமே! அணியவில்லை. பின்பு லெவன்வேர்த் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டதும் யோசேப் ஹோபர், மைக்கேல் ஹோபர் என்னும் சகோதரர் இருவர் இறந்தனர். போர் நின்றுவிட்ட பின்னர் இறந்தனர் என்பதையும் கருதுக. யோசேப்பின் உடலைக் காண வந்த மனைவி பெட்டியைத் திறப்பித்தார். உயிரோடு அணிய மறுத்த சீருடை அவர் சடலத்தின்மேல் இருந்தது.

இந்த அனுபவம் வீண்போகவில்லை. 1935இல் கன்சாஸ் மாநிலத்து நியூற்றன் நகரில் மென்னோனியரும், நண்பர் சங்கத்தாராகிய குவேக்கரும், சகோதரர் திருச்சபையாரும் கூடிக் கலந்தாலோசித்தனர். குவேக்கர் இங்கிலாந்தில் தோன்றியோர், அனபாப்திஸ்தர் வழியினரல்லர். ஆயினும் போரை மறுத்தலில் ஒன்றுபட்டோர். வரலாற்றுச் சமாதானத் திருச்சபைகள் என்ற பெயர் அக்காலத்திலே வழக்கிற்கு வந்தது. அடுத்த போர் வருமுன்னரே அரசோடு பேசி ஒரு வழி காண முயன்றனர். அதன் பயனாக 1941 முதல் 1947 வரை ஏறக்குறைய 12,000 இளைஞர் படைக்குப் பதிலாகப் பொதுச்சேவை செய்தனர். காட்டுத் தீ அணைக்க வான்குடையிற் குதித்தனர். மனநோய் வைத்தியசாலைகளிலே, எவரும் விரும்பாத பணிகளைச் செய்து, அங்கு நிலவிய கொடுமைகளை வெளியிட்டனர். பட்டினி மனிதவுடலை என் செய்யும் என்று அறிவதற்காக 36 பேர் மினசோற்றா பல்கலைக்கழகத்திலே தாமாகவே பட்டினி கிடந்தனர். ஊதியம் என்று அரசு எதுவும் கொடுக்கவில்லை.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. அப்போரின்போது சேவைக்கு அழைக்கப்பட்ட அமெரிக்க மென்னோனிய இளைஞருள், நூற்றுக்கு 46 பேரளவிலேயே இப்பொதுச்சேவையைத் தெரிந்தனர். நூற்றுக்கு 14 பேரளவில் ஆயுதமேந்தாத படைப்பணியை ஏற்றனர். எஞ்சிய நாற்பது பேரளவினர் ஏனையோரைப் போல ஆயுதந் தாங்கிப் போரிடச் சென்றனர். சகோதரர் திருச்சபை இளைஞருள்ளும் மிகப் பெரும்பாலோர் படையிற் சேர்ந்தனர். ஜேர்மனியின் கதை இதனினும் துயரமானது. அங்கு 1934இலேயே மென்னோனியச் சபைகளின் சங்கம், படைச்சேவையிலிருந்து விலக்குக் கோருவதில்லை என்று அறிவித்துவிட்டது. டான்சிக்கை அடுத்த விஸ்துலா ஆற்றுச் சமவெளி பல நூற்றாண்டுகளாய் மென்னோனியர் உழுது வளமாக்கிய நிலம். அங்கேதான் ஸ்ருற்றொவ் சிறைமுகாம் எழுந்தது. முகாமின் கைதிகள் அயலிலிருந்த மென்னோனியர் பண்ணைகளிலும் வேலை வாங்கப்பட்டனர். டிர்க் வில்லெம்ஸின் படத்தைச் சுவரிற் கண்டு வளர்ந்த வீடுகள் அவற்றுள் இருந்திருக்கும். பனியில் வீழ்ந்தவன் வேலிக்கு அப்பால் நின்றபோது கை நீளவில்லை. நெடுங்காலம் மென்னோனியர் தம்மைத் துன்புற்றோர் என்றே எழுதிவந்தனர். துன்பத்திற்கு உடந்தையாயிருந்தமையையும் எழுதும் துணிவு அவர்களுடைய வரலாற்றாசிரியர்களுக்கு அண்மைக் காலத்திலேயே வந்தது. இரத்தசாட்சிகளின் நூல் ஒரு கண்ணாடியாயும் பயன்படும், முகமூடியாயும் பயன்படும்.

இனி இம்மரபு யாரிடம் இருக்கின்றது என்று பார்த்தல் வேண்டும். 1851இல் பீற்றர் யான்ஸ் என்னும் ஒல்லாந்தர் யாவாத் தீவின் ஜெபாரா என்னும் ஊரை அடைந்து பணி தொடங்கினார். அவரால் அதிகம் பேரைச் சேர்க்க முடியவில்லை. துங்குல் வுலுங் என்னும் யாவானியத் துறவியோ தம் நாட்டு வழக்கிலேயே போதித்து, காடு வெட்டிக் கிறிஸ்தவக் கிராமங்களை அமைத்தார். இந்தியாவில், பஞ்ச காலத்தின் பின் 1899இல் மத்திய மாகாணத்துத் தம்தரியில் அமெரிக்க மென்னோனியர் பணி தொடங்கினர். தெலுங்கு நாட்டிலும் பெருந்திரளானோர் சேர்ந்தனர். 1997இல் மென்னோனிய உலக மாநாடு கல்கத்தாவிற் கூடியது. 2022இல் இந்தோனேசியாவிற் கூடியது.

எதியோப்பியாவின் செய்தி தனித்து நோக்கத்தக்கது. இரண்டாம் உலகப்போரின் பின் நிவாரணத்திற்கும் வைத்தியத்திற்கும் வந்த மென்னோனியரால் அங்கு மெசெரெத்தெ கிறிஸ்தோஸ் திருச்சபை உருவாயிற்று. 1982இல் இராணுவ ஆட்சி அதனைத் தடைசெய்து, கட்டடங்களைப் பறித்து, தலைவர்களைச் சிறையிலிட்டது. அப்போது அதன் அங்கத்தவர் ஏறக்குறைய 5,000 பேர். அவர்கள் வீடுகளிற் சிறு சிறு குழுக்களாய், குரலைத் தாழ்த்திக் கூடினர். ஒரு வீட்டிற் கூடியோர் மறு வீட்டிற் கூடுவோரை அறியார். 1991இல் அவ்வாட்சி வீழ்ந்தபோது அங்கத்தவர் தொகை முப்பதினாயிரத்தைத் தாண்டியிருந்தது. அவர்களுள் எவருக்கும் பெனர் என்றோ வீபே என்றோ குடிப்பெயர் இல்லை. ஜேர்மன் மொழி தெரியாது. ஆனால் தடைசெய்யப்பட்ட ஞானஸ்நானத்தை, ஆபத்தை அறிந்தும், தாமே தெரிந்து பெற்றனர். சூரிச் நகரத்து 1525ஆம் ஆண்டு மாலையில் நடந்ததற்கு இதனினும் நெருங்கியது வேறெங்கும் காணல் அரிது. இன்று உலகத்து அனபாப்திஸ்தருள் மிகப் பெரும்பாலோர் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் வாழ்வோர்.

ஐரோப்பாவும் பழைய கணக்கை மறந்துவிடவில்லை. 2004இல் சூரிச் நகரத்துச் சீர்திருத்தத் திருச்சபை தன் முன்னோர் செய்த பிழையை அறிக்கையிட்டு, மான்ஸ் அமிழ்ந்த இடத்தருகே ஒரு நினைவுக்கல் பதிப்பித்தது. 2025 மே மாதத்தில், ஐந்நூறாம் ஆண்டு நினைவுக்காகப் பல நாட்டு அனபாப்திஸ்தர் அந்நகரிலே, சுவிங்கிலி போதித்த அதே கோயிலில் ஏனைத் திருச்சபையாரோடு சேர்ந்து ஆராதித்தனர்.

லுத்தரன் திருச்சபையாருக்குக் கடன் இன்னும் பாரமாயிருந்தது. 1530இல் அவர்கள் வகுத்த அவுக்ஸ்பேர்க் விசுவாச அறிக்கை அனபாப்திஸ்தரைப் பெயர் சொல்லிக் கண்டித்தது. அக்கண்டனமே கொலைக்கு நியாயமும் ஆயிற்று. 2010ஆம் ஆண்டு யூலை மாதம் ஸ்ருற்காட் நகரிலே லுத்தரன் உலக சம்மேளனம் கூடி மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. கை உயர்த்தி வாக்களிக்கவில்லை. பிரதிநிதிகள் முழந்தாளிட்டனர், இயலாதோர் மௌனமாய் எழுந்து நின்றனர். மென்னோனிய உலக மாநாட்டின் சார்பில் அம்மன்னிப்பை ஏற்க எழுந்தவர் டனிசா நிடுலோவு. அவர் சிம்பாப்வே நாட்டவர். லிம்மாற்றில் அமிழ்ந்தோரும் அஸ்பெரெனில் எரிந்தோரும் அவருக்கு இரத்த உறவினர் அல்லர். அவர்களின் பொருட்டு மன்னிக்கும் உரிமை அவருக்கு இல்லையென்று அந்த மண்டபத்தில் எவரும் எண்ணவில்லை.

ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவுதல் அனபாப்திஸ்தர் பலரிடையே பழைமையான சடங்கு. மரத்தாற் செய்த ஒரு பாதங்கழுவும் தொட்டியை நிடுலோவு தம்மோடு கொண்டு வந்திருந்தார். அதனை இரு கைகளாலும் எடுத்து லுத்தரன் தலைவரிடம் நீட்டினார்.